பற்றீரியாக் கரைசல் ஊற்றினால் வயலில் இருக்கிற கட்மியம் போய்விடுமா?

படுவான்கரைப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வேளாண்மை செய்கிறார், போரதீவுப்பற்றுப் பக்கம், நவகிரிக் குளத்துத் தண்ணீர். போன கிழமை எங்கள் வயல் வட்டைக் கூட்டத்துக்கு வெளியூர் ஆள் ஒருவர் போத்தல் பெட்டியோடு வந்திருக்கிறார். கனகாலம் டீஎஸ்பி என்கிற பொசுபேற்றுப் பசளை போட்டதால் உங்கள் மண்ணில் கட்மியமும் ஆசனிக்கும் ஏறிப்போய் இருக்கிறது, இந்தக் கரைசலை ஏக்கருக்கு ஒரு லீற்றர் உழவுத் தண்ணீரோடு விட்டால் இதிலிருக்கிற பற்றீரியா பார உலோகத்தை எல்லாம் தின்று மண்ணைச் சுத்தமாக்கிவிடும் என்று சொன்னாராம். அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு பயம் இருக்கிறது. நெல் ஏற்ற வருகிற லொறிக்காரர் தெஹியத்தகண்டிய ஆள், அவர் தன் ஊரில் சிறுநீரக நோய்க்காரர் பற்றிச் சொன்னதிலிருந்து பசளை மூட்டையைப் பார்த்தாலே அப்பா யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

எனக்குத் தெரிய வேண்டியது, பற்றீரியா உண்மையிலேயே உலோகத்தைத் தின்னுமா? தின்றால் பிறகு அது எங்கே போகும்? நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு, விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள். பெரும்போக விதைப்புக்கு முன்னமே வாங்க வேண்டுமாம், முன்பணமும் கேட்கிறார்.

சம்மாந்துறை நானா:

தங்கச்சி, முதல் வேலையாக முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீங்க. 2021 இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிப்பாட்டினார்களே, அந்தப் போகத்திலிருந்து எங்கட பக்கமும் போத்தலோடு வராத ஆள் இல்லை. ஒருவர் நைதரசன் என்றார், ஒருவர் மீன் கரைசல் என்றார், இப்ப கட்மியமா? பற்றீரியா விசயம் படிச்ச ஆக்கள் வந்து சொல்லட்டும், நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மண்கிண்டி:

நானா சொன்னதுதான் முதல் பதில். இனி விசயத்துக்கு வருவோம், கொஞ்சம் நீளும். நான் வந்தாறுமூலையில் விவசாயம் படித்தவன், இப்போது மண் ஆய்வுகூட வேலை.

பற்றீரியா உலோகத்தைத் தின்னாது தங்கச்சி. வைக்கோலைத் தின்னும், சாணத்தைத் தின்னும், நிலத்தில் ஊற்றிய டீசலைக்கூட மெல்ல மெல்லத் தின்று முடிக்கும், ஏனென்றால் அதெல்லாம் காபனால் கட்டியவை, உடைத்தால் காபனீரொட்சைட்டும் தண்ணீருமாகப் போய்விடும். கட்மியம் ஒரு மூலகம், அதற்குள் உடைக்க எதுவும் இல்லை. பற்றீரியாவால் முடிந்தது, ஒன்றில் அதைப் பிடித்து வைத்திருப்பது, இல்லாவிட்டால் அது இருக்கிற வடிவத்தை மாற்றிவிடுவது.

பிடிக்கிற விதம் சொல்கிறேன். பற்றீரியாவின் கலச்சுவர் முழுக்கக் காபொட்சில் கூட்டங்களும் பொசுபேற்றுக் கூட்டங்களும் இருக்கின்றன, இவை மறை ஏற்றம் உள்ளவை. கட்மியமும் ஈயமும் செம்பும் மண் நீரில் நேர் ஏற்றத்தோடு அலைகிற அயன்கள். சுவருக்குக் கிட்ட வந்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இதற்குப் பற்றீரியா உயிரோடு இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, செத்த கலமும் பிடிக்கும், ஒட்டவேண்டியதில் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே ஒட்டிவிடும். சில இனங்கள் தம்மைச் சுற்றி வழவழப்பான ஒரு பசையை விடுகின்றன, பெரும்பாலும் பல்சக்கரைட்டு, அதிலும் உலோகம் சிக்கும். இன்னும் சில, உலோகத்தை உள்ளே எடுத்துக் கந்தகம் உள்ள சிறு புரதங்களால் கட்டி வைக்கும். இது மெதுவான வேலை, இதற்குக் கலம் உயிரோடு இருக்க வேண்டும்.

ஆனால் ஒட்டியது கழரும். மண் புளித்தால், அதாவது பீஎச் இறங்கினால், ஐதரசன் அயன் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கட்மியத்தை வெளியே தள்ளிவிடும். பற்றீரியா செத்து அழுகினாலும் பிடித்து வைத்திருந்தது மண்ணுக்கேதான். வயலை விட்டு வெளியே போக அதற்கு வாகனம் கிடையாது.

அந்தப் போத்தல்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான், எந்த வழியாக வெளியே போகும் என்று. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்ரிமீற்றர் மண் ஏறக்குறைய 800 தொன். உதாரணத்துக்கு, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கட்மியம் என்று வைப்போம். உங்கள் வயலில் அவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அளந்தால்தான் தெரியும். அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 240 கிராம் வருகிறது. ஒரு போகத்தில் இரண்டு தொன் நெல் எடுத்து, நெல்லில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் இருந்தால் அறுவடையோடு போவது 0.2 கிராம். 240 கிராமும் போக 1200 போகம் வேண்டும். போத்தல் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் வெளிவழி அறுவடை, வடிகிற தண்ணீர், வெள்ளம் அடித்துப்போகிற மண், இவ்வளவுதான்.

பற்றீரியாவின் எண்ணிக்கையையும் பார்ப்போம். நல்ல போத்தல் என்றே வைத்து, மில்லிலீற்றருக்கு 100 கோடி என்றால் ஒரு லீற்றரில் ஒரு லட்சம் கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும். உங்கள் மண்ணில் கிராமுக்கு 10 கோடி என்று குறைத்தே வைத்தாலும், ஏற்கெனவே அங்கே பிறந்து வளர்ந்த எண்பதாயிரம் பேருக்குப் புதிதாக வருகிற ஒருவர் என்ற கணக்குத்தான். வந்தவர் நிலைத்து நிற்பதே கஷ்டம்.

உள்ளே வருகிற பக்கத்தைத்தான் நான் கூடக் கவனிப்பேன். கட்மியம் பொசுபேற்றுப் பாறையோடு வருகிறது, கடலடிப் படிவில் உண்டான பாறையில் கூட இருக்கும், எப்பாவல மாதிரித் தீப்பாறை வகையில் குறைவு, ஆனால் எப்பாவலப் பொசுபேற்று லேசில் கரையாது என்பதால் நெல்லுக்கு உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையிலிருந்து ஒரு கிலோ பொசுபரசு ஐந்தொட்சைட்டுக்கு (பசளையில் பொசுபரசை இந்தக் கணக்கில்தான் சொல்வார்கள்) 60 மில்லிகிராம் கட்மியம் என்று எல்லை வைத்திருக்கிறது. டீஎஸ்பியில் ஐந்தொட்சைட்டு 46 வீதம். அந்த எல்லையில் நிற்கிற 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 1.4 கிராம் கட்மியம் இருக்கும், அரை மூட்டை போட்டால் 0.7 கிராம். அறுவடையோடு போவது 0.2 கிராம் என்று மேலே பார்த்தோம். அப்பா பசளை மூட்டையைப் பார்த்து யோசிப்பது வீண் யோசனை இல்லை. மண்ணில் பொசுபரசு போதுமான அளவு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, இருந்தால் அந்தப் போகம் டீஎஸ்பியைக் குறைக்கலாம். காசும் மிச்சம்.

அந்த லொறிக்காரர் ஊரில் காணுகிற சிறுநீரக நோய்க்குக் காரணம் கட்மியம்தான் என்று இன்னும் யாரும் முடிவாக நிறுவவில்லை. குடிநீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, களைநாசினி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது, உலோகம் என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள். அதைக் காட்டிப் போத்தல் விற்கிறவரை நம்ப வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி வாத்தி:

மண்கிண்டித் தம்பி சொன்னதில் பிழை இல்லை, ஆனால் வாசிக்கிற பிள்ளைகள் பற்றீரியாவால் ஒன்றுமே ஆகாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உயர்தர உயிரியல் படிப்பிக்கிறவன் நான்.

சுவர் பிடிக்கும் என்பது சும்மா ஊகம் இல்லை. கனடாவில் பெவரிட்ஜ், மரே என்ற இரண்டு பேர் 1970களில் பசில்லஸ் சப்டிலிஸ் என்கிற சாதாரண மண் பற்றீரியாவின் கலச்சுவரை மட்டும் தனியே பிரித்தெடுத்து உலோக உப்புக் கரைசல்களில் இட்டுப் பார்த்தார்கள். வெறும் சுவரே உலோகத்தைப் பிடித்தது. பிறகு 1980 இல் சுவரிலுள்ள காபொட்சில் கூட்டங்களின் ஏற்றத்தை இரசாயன முறையில் இல்லாமல் ஆக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தபோது பிடிப்பு வெகுவாகக் குறைந்துபோனது. எது பிடிக்கிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை.

இன்னொன்று, விற்பனைக்காரர்கள் காட்டுகிற தாளில் அனேகமாக இருக்கும்: "கட்மியத்தைத் தாங்கி வளரும் பற்றீரியா". தாங்குவது வேறு, அகற்றுவது வேறு. 1976 இல் பெல்ஜியத்தில் ஒரு நாகத் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் எடுத்த கியூப்ரியாவிடஸ் மெட்டலிடுரான்ஸ் என்ற பற்றீரியா இந்தத் துறையில் பேர்போனது, நாகம், கட்மியம், கோபால்ற்று எல்லாவற்றிலும் வளரும். எப்படி வளர்கிறது? உள்ளே வந்த உலோகத்தைக் கலமென்சவ்வில் இருக்கிற பம்பியால் வெளியே இறைத்துவிடுகிறது. வெளியே என்றால் உங்கள் மண்ணுக்குள்தான். பற்றீரியாவுக்குச் சுகம், வயலுக்கு ஒன்றும் இல்லை.

வடிவத்தை மாற்றுவதுதான் உண்மையில் பெரிய விசயம். குரோமியம் ஆறு ஏற்றத்தில் இருந்தால் நஞ்சு, தண்ணீரோடு ஓடும். பல பற்றீரியாக்கள் அதை மூன்றுக்கு இறக்கிவிடும், பிறகு அது ஐதரொட்சைட்டாகப் படிந்துவிடும். இரசத்துக்கென்றே மெர் என்ற ஒரு மரபணுத் தொகுதி இருக்கிறது, அது இரச அயனைச் சாதாரண இரசமாக்கி ஆவியாக விட்டுவிடும், அது இந்த மண்ணை விட்டுப் போகும் என்பது சரி, ஆனால் காற்றுக்குத்தான் போகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒட்சிசன் இல்லாத சேற்றில் சில பற்றீரியா அதே இரசத்தை மெதைல் இரசமாக்கும், அது மீனில் ஏறும். 1956 இல் வெளியே தெரிந்த மினமாட்டா நோய் மெதைல் இரசத்தால் வந்தது, அங்கே அதைத் தொழிற்சாலையே கடலில் விட்டது. ஆகவே எந்தப் பற்றீரியாவும் எங்களுக்காக வேலை செய்வதில்லை, அது தன் பிழைப்பைப் பார்க்கிறது.

உலோகத்தை உண்மையிலேயே எடுத்துவிடுகிற இடமும் இருக்கிறது. நெதர்லாந்தில் புடெல் நாக ஆலையில் 1992 முதல் மாசுபட்ட நிலத்தடி நீரைத் தொட்டிக்குள் விட்டு, சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றும் பற்றீரியாவால் நாகத்தையும் கட்மியத்தையும் சல்பைட்டுச் சேறாகப் படியவைத்து, அந்தச் சேற்றை அள்ளி ஆலைக்கே அனுப்புகிறார்கள். தண்ணீர், தொட்டி, அள்ளுகிற வழி மூன்றும் இருந்தால் முடியும். வயலில் அள்ள வழி இல்லை.

இயற்கைவழி உழவன்:

வெள்ளைக்காரன் தொட்டியில் செய்தால் விஞ்ஞானம், எங்களுடைய ஆள் போத்தலில் கொண்டுவந்தால் ஏமாற்றா? நான் போன போகம் இப்படி ஒரு கரைசல் விட்டேன், உன்னிச்சைப் பக்கம். பயிர் கரும்பச்சையாக நின்றது, பிடுங்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாக நல்ல ஆழத்துக்கு இறங்கியிருந்தது. எண்பதாயிரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போடுகிறவர்கள் வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

மண்கிண்டி:

அண்ணா, உங்கள் வேர் நன்றாக இருந்ததை நான் மறுக்கவில்லை. வேரோரத்தில் வாழ்ந்து பயிருக்கு உதவுகிற பற்றீரியா இருக்கிறது, நைதரசன் பதிக்கிறது, பொசுபேற்றைக் கரைக்கிறது, வேர் வளர்க்கிற ஓமோன் விடுகிறது. ஆனால் பிள்ளை கேட்டது கட்மியம். கட்மியம் ஏறிய பயிரும் பச்சையாகவே நிற்கும், நெல்லும் பாரமாகவே விழும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் அதிலுள்ள பிரச்சினையே. கரும்பச்சையை வைத்து கட்மியம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கரைசல் விடாத ஒரு வரவையை, அதாவது வரம்பு கட்டிய ஒரு வயல் துண்டை, பக்கத்தில் விட்டிருந்து, இரண்டிலும் எடுத்த அரிசியைச் சோதித்த தாள் இருந்தால் காட்டுங்கள், நானே முதல் ஆளாக வாங்குகிறேன். விற்கிறவரிடமும் அதையே கேளுங்கள். எந்த இனம், போத்தலில் எத்தனை உயிரோடு இருக்கிறது, எந்த மண்ணில் எந்தப் போகம் சோதித்தது, அரிசியில் எவ்வளவு குறைந்தது. ஆய்வுகூடக் குடுவையில் 90 வீதம் பிடித்தது என்று காட்டுவார்கள், குடுவைக்குள் இருப்பது தண்ணீரும் பற்றீரியாவும் மட்டும், அங்கே களியும் இரும்பும் உக்கலும் போட்டிக்கு இல்லை.

படுவான்கரைப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த 1200 போகக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார், பிறகு ஒரு கேள்வி கேட்டார், எனக்கு மறுமொழி தெரியவில்லை. அள்ள முடியாது சரி, ஆனால் வயலில் ஏற்கெனவே இருக்கிற பற்றீரியாவை வைத்தாவது நெல்லுக்குள் ஏறாமல் பண்ண முடியாதா என்று. எங்களுக்குச் சிறுபோகத்தில் முறைத்தண்ணீர், குடலை தள்ளுகிற, அதாவது கதிர் உள்ளே உருவாகிற நேரத்தில் வயல் வெடித்துக் கிடந்த போகமும் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மண்கிண்டி:

அப்பா கேட்டதுதான் இந்தத் திரியிலேயே சரியான கேள்வி, சம்பந்தம் நிறைய இருக்கிறது.

வயலில் தண்ணீர் நிற்கும்போது மண்ணுக்குள் ஒட்சிசன் சீக்கிரம் முடிந்துவிடும். அப்போது பற்றீரியாக்கள் மூச்சுக்கு வேறு ஒன்றைத் தேடும், முதலில் நைத்திரேற்று, பிறகு மங்கனீசு, பிறகு இரும்பு, அதன் பிறகு சல்பேற்று. சல்பேற்றில் மூச்சுவிடுகிறவை சல்பைட்டை வெளிவிடும், அது கட்மியத்தைக் கண்டால் கட்மியம் சல்பைட்டாகி இறுகிவிடும். கரையாது, வேரால் எடுக்க ஏலாது. வயலைக் காயவிட்டால் வெடிப்பு வழியே காற்று இறங்கி, சல்பைட்டு திரும்ப ஒட்சியேற்றப்பட்டு, மண்ணும் கொஞ்சம் புளித்து, கட்மியம் கரைந்து வெளியே வரும். அந்த நேரம் பயிர் கதிர் பிடிக்கிற நேரமாக இருந்தால் நேரே நெல்லுக்குப் போகும். மொத்த அளவு மாறவில்லை, வேருக்கு எட்டுகிற பங்குதான் கூடிக் குறைகிறது.

ஜப்பானில் இதை வைத்தே வழிசெய்தார்கள். டொயாமாவில் ஜின்சு ஆற்றுப் பக்கம், கமியொக்கா சுரங்கத்துக் கட்மியம் வயல்களில் இறங்கி, எலும்பு நொறுங்கி வலியால் துடிக்கிற இதாய் இதாய் நோய் வந்தது, 1968 இல் அரசாங்கமே அதற்குக் காரணம் கட்மியம் என்று ஏற்றுக்கொண்டது. அங்கே மோசமான வயல்களின் மேல்மண்ணை மாற்றினார்கள், அந்த வேலை 2012 வரை நடந்தது, பற்றீரியா ஊற்றி முடித்த கதை இல்லை. அவ்வளவு மோசமில்லாத வயல்களுக்குச் சொன்னது, கதிர் வெளிவருவதற்கு மூன்று கிழமை முன்னும் மூன்று கிழமை பின்னும் தண்ணீரை வற்றவிடாதே என்பதுதான். சல்பைட்டு விடுகிற பற்றீரியாவுக்கு வேலை கொடுக்கிறோம், அவ்வளவே.

இப்போது சிக்கல். ஆசனிக் நேர்மாறு. அது மண்ணில் இரும்பு ஒட்சைட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். தண்ணீர் தேங்கினால் ஜியோபக்டர் மாதிரி இரும்பில் மூச்சுவிடுகிறவை அந்த இரும்பைக் கரைத்துவிடும், ஒட்டியிருந்த ஆசனிக்கும் சேர்ந்து வெளியே வரும், நெற்பயிர் அதைச் சிலிக்கா என்று நினைத்து உள்ளே எடுக்கும். ஆக தண்ணீர் கட்டினால் கட்மியம் குறையும் ஆசனிக் கூடும், காயவிட்டால் கட்மியம் கூடும் ஆசனிக் குறையும். ஒரே போத்தலில் இரண்டையும் இல்லாமல் ஆக்குவேன் என்றவரிடம் இதை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இருக்கிற தண்ணீரைப் பங்கிடுகிற விதத்தில்தான் கெட்டித்தனம். மட்டம் வெடிக்கிற, அதாவது பயிர் பக்கக் கிளை விடுகிற காலத்தில் ஒருக்காக் காயவிட்டுக் கட்டினால் பிரச்சினை பெரிதில்லை, அந்த மிச்சத் தண்ணீரைக் குடலையிலிருந்து பால் பிடிக்கும் வரை வைத்திருக்கப் பாருங்கள். தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையோடு கதைத்து முறையை அந்த நேரத்துக்கு ஒதுக்க முடியுமா என்று பார்க்கலாம், அது உங்கள் ஊர் அரசியல், எனக்குத் தெரியாது. பீஎச் 5.5 க்குக் கீழே என்றால் டொலமைற்றுச் சுண்ணக்கல் தூள் போடலாம், 6.5 க்கு மேலே கொண்டுபோகத் தேவையில்லை, நாகச்சத்துக் குறைபாடு வந்துவிடும். உமியையும் உமிச்சாம்பலையும் வயலுக்கே திருப்பிக் கொடுங்கள், மில்லுக்குப் பின்னால் கொட்டி எரிப்பதில் நிறையச் சிலிக்கா இருக்கிறது, சிலிக்கா கூட இருந்தால் பயிர் ஆசனிக்கைக் குறைவாக எடுக்கும். பச்சை வைக்கோலைத் தண்ணீரோடு சேர்த்து உழாமல் கூட்டெருவாக்கிப் போடுவது நல்லது, இல்லாவிட்டால் இரும்பைக் கரைக்கிற பற்றீரியாவுக்கு விருந்து வைத்த மாதிரி.

வாவியோரம் உப்பேறிய வயல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: குளோரைட்டு கட்மியத்தோடு சேர்ந்து கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். மற்ற வயலில் பிரச்சினை தராத அளவு உப்பு வயலில் பயிருக்கு ஏறலாம். அதனால் உவர் தடுப்பு, மழைத்தண்ணீரால் கழுவி வடிப்பது எல்லாம் இந்த விசயத்துக்கும் உதவும்.

சம்மாந்துறை நானா:

இப்ப விளங்குது தம்பி. தண்ணி நிண்ட வரவைக்குள் கால் வைத்தால் கருஞ்சேறு, கூழ்முட்டை மணம் வரும். அதே சேற்றை வரம்புக்கு அள்ளிப்போட்டால் அடுத்த நாள் பார்க்கக் கபில நிறம். அப்ப அந்த மணம்தான் நீங்க சொல்ற சல்பைட்டா? இன்னொன்று, தண்ணி வடிகிற வக்கடைக்குப் பக்கத்தில் தேங்கின தண்ணியில் எண்ணெய் மாதிரி ஒரு ஆடை மிதக்கும், வானவில் நிறத்தில. ட்ரக்டர் எண்ணெய் என்று டிரைவர் பொடியனை ஏசினேன், அவன் தன்ர மெசின் ஒழுகவில்லை என்று சத்தியம் பண்றான்.

களுவாஞ்சிக்குடி வாத்தி:

அதேதான் நானா. கறுப்பு, இரும்புச் சல்பைட்டு. மணம், ஐதரசன் சல்பைட்டு. வரம்பில் காற்றுப் பட்டதும் ஒட்சியேறிக் கபிலமாகிறது, மண்கிண்டி சொன்ன கதையைக் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி. ஆனால் மணம் கடுமையாகி வேர் கறுத்தால் பயிருக்கே கூடாது, அப்போது கொஞ்சம் வடித்துவிடத்தான் வேண்டும்.

ஆடையை ஒரு ஈர்க்கால் குத்திப் பாருங்கள். எண்ணெய் என்றால் விலகிப்போய்த் திரும்ப ஒன்று சேரும். பற்றீரியாவோடு வருகிற இரும்பு ஆடை என்றால் கண்ணாடி உடைந்த மாதிரித் துண்டு துண்டாக நிற்கும். அடியிலிருந்து கரைந்து வந்த இரும்பு மேலே காற்றைக் கண்டு துருவாகிறது. பயிரைப் பிடுங்கினால் வேரில் ஒரு செம்மஞ்சள் பூச்சு இருக்கும், அதுவும் துருதான், நெல்வேர் தன்னிடமிருந்து கொஞ்சம் ஒட்சிசனை வெளியே விடுவதால் அங்கே படிகிறது. அந்தப் பூச்சு ஆசனிக்கில் ஒரு பகுதியை வாசலிலேயே மறித்துவிடும். ட்ரைவர் பொடியனிடம் ஒரு பிளேன்ரீக்குக் காசு கொடுத்துச் சமாதானம் பண்ணுங்கள்.

கல்முனைக் கராச்:

இடையில் புகுந்ததுக்கு மன்னிக்கவும். எங்கட வளவில் முந்தி பழைய பற்றரி உடைத்து ஈயம் எடுத்தவர்கள். இப்ப உம்மா அந்த இடத்தில் கீரை போட்டிருக்கிறா. சின்னப்பிள்ளைகளும் விளையாடுதுகள். பற்றீரியா ஏதும்?

மண்கிண்டி:

இதற்குப் பற்றீரியாவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இது அவசரம். அந்தக் கீரையைச் சாப்பிட வேண்டாம், பிள்ளைகளை அந்த மண்ணில் விட வேண்டாம், ஈயம் சின்னப்பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. கையில் ஒட்டி வாய்க்குப் போகிற தூசுதான் கீரையை விடப் பெரிய வழி. வைத்தியரிடம் சொல்லிப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். பொசுபேற்று, ஈயத்தை லேசில் கரையாத ஒரு கனிமமாக்கும், பொசுபேற்றைக் கரைக்கிற பற்றீரியா அதற்கு உதவும் என்பதெல்லாம் உண்மை, ஆனால் பற்றரி உடைத்த இடத்தில் அது போதாது. மண்ணை மூட வேண்டும், சீமெந்து போடலாம். கீரைக்கு வேறு மண் கொண்டுவந்து தொட்டியில் போடச் சொல்லுங்கள் உம்மாவிடம்.

படுவான்கரைப் பிள்ளை:

கடைசியாக ஒன்று. போத்தல்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாச்சு, அவர் இப்போது பக்கத்து வட்டைக்குப் போயிருக்கிறாராம். அப்பா மண்ணைச் சோதிக்கலாம் என்கிறார். எப்படி எடுப்பது, எதைக் கேட்பது?

மண்கிண்டி:

கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரிடம் முதலில் சொல்லுங்கள். சாதாரண மண் சோதனையில் பீஎச், உப்பு, பொசுபரசு, பொட்டாசியம் வரும், கட்மியம் வராது, அதற்கு அணு உறிஞ்சல் கருவி இருக்கிற ஆய்வுகூடம் வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும், செலவும் கூட. நீங்கள் முதலில் பீஎச்சும் பொசுபரசும் மட்டும் பாருங்கள், அதிலேயே டீஎஸ்பி வேண்டுமா, டொலமைற்று வேண்டுமா என்பது தெரிந்துவிடும். உலோகத்துக்குச் செலவழிப்பதென்றால் மண்ணோடு உங்கள் வயல் அரிசியையும் கொடுங்கள், சாப்பிடுவது அரிசியைத்தான். தீட்டிய அரிசிக்குக் கொடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தர அமைப்பின் எல்லை கட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், அசேதன ஆசனிக் 0.2 மில்லிகிராம். மண்ணில் மொத்தக் கட்மியம் மட்டும் கேட்காமல் பயிருக்கு எட்டக்கூடிய பங்கையும் கேளுங்கள், மேலே சொன்ன பற்றீரியா விளையாட்டெல்லாம் அந்தப் பங்கில்தான்.

எடுக்கிற நேரம் அறுவடை முடிந்து பசளை போடுமுன். வரம்போரம், பசளை மூட்டை வைத்த இடம், சூடு வைத்த இடம், தெருக்கரை எல்லாம் விட்டு, வயலுக்குள் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை எடுங்கள். நாகம் பூசிய தகர வாளி வேண்டாம், பூச்சு மண்ணில் கலந்தால் கணக்குக் கெட்டுவிடும், பிளாஸ்ரிக் வாளி நல்லது. எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை எறிந்து, அரைக்கிலோ வருமட்டும் குறைத்து, நிழலில் உலர்த்திப் பொலித்தீன் பையில் போடுங்கள். அந்தப் பையை இன்னொரு பைக்குள் இட்டு, பெயர்த்துண்டைப் பென்சிலால் எழுதி இரண்டுக்கும் இடையில் வையுங்கள், பேனை மை ஈரத்தில் கரைந்து வந்த மாதிரிகள் எங்கள் மேசையில் இப்போதும் ஒரு வரிசை கிடக்கிறது, யாருடைய வயல் என்று தெரியாமல்.